தேயிலைக்கு முகவரி உண்டு

நுவரெலியா மாவட்டத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றில் படித்துத் தேறிய ஒரு பெண்ணுக்கு வேலை நேர்முகத்துக்கான கடிதம் வருகிறது. உறையில் அவள் பெயர் இருக்கும், தோட்டத்தின் பெயர் இருக்கும், எந்த டிவிஷன் என்பதும் இருக்கும். வீட்டு எண் இருக்காது. பெரும்பாலான லயங்களில், அதாவது வரிசை வீடுகளில், காம்பிராக்கள் எனும் அறைகளுக்கு எண் கிடையாது. லயத்துக்கு முன்னால் ஓடும் பாதைக்குப் பெயரும் கிடையாது. கடிதக் கட்டு தோட்ட அலுவலகத்தில் இறங்கும். அங்கிருந்து யார் கையிலாவது சேர்ந்து, அவர்கள் மலையேறி வரும்போது அவளிடம் வரும். நேர்முகத் தேதி கடந்தபின் கடிதம் கிடைத்து வாய்ப்பை இழந்தவர்களின் கதை மலையகத்துக்குப் புதிதல்ல. வங்கிக் கடிதமோ நீதிமன்ற அழைப்பாணையோ, எதுவானாலும் இதே வழிதான்.

அவள் தாய் பறித்த கொழுந்துக்கு அந்தக் குறை இல்லை. டிம்புள, ஊவா, நுவரெலியா என்று விளைந்த இடத்தின் பெயரைத் தகர டப்பாவின் மேல் தாங்கி அது உலகமெல்லாம் போகிறது. எவ்வளவு உயரத்தில் விளைந்தது என்பதைக்கூடச் சொல்லித்தான் தேயிலையை விற்கிறார்கள். அதே மலையில் நான்கு, ஐந்து தலைமுறையாக வாழ்ந்து, அங்கேயே மண்ணாகிப்போன குடும்பங்களில் பெரும்பாலானவற்றுக்கு இது உன் இடம் என்று எழுதிக் கொடுக்க ஒரு துண்டு நிலம் இல்லை.

சிறுபான்மை என்று சொன்னதும் தலைகளை எண்ணத் தோன்றும். மலையகத் தமிழர் விஷயத்தில் அந்தக் கணக்கே வேறு கதை சொல்கிறது. 1946-ம் ஆண்டு இலங்கைக் குடிசனக் கணக்கெடுப்பில் ‘இந்தியத் தமிழர்’ என்று பதிவானவர்கள் 11.7 சதவீதம். யாழ்ப்பாணம், மட்டக்களப்பு, திருகோணமலை எல்லாம் சேர்ந்த இலங்கைத் தமிழர் 11 சதவீதம். சுதந்திரம் வாங்கும் தறுவாயில் அந்தத் தீவில் சிங்களவருக்கு அடுத்த பெரிய மக்கள் கூட்டம் இந்த இந்தியத் தமிழர்தான். 2012 கணக்கெடுப்பில் அதே பிரிவின் பங்கு 4 சதவீதத்துக்குச் சற்று மேல். ஒரு சிலர் தங்களை இலங்கைத் தமிழர் என்று பதிந்துகொண்டதை ஒதுக்கிவிட்டுப் பார்த்தாலும், பன்னிரண்டில் இருந்து நான்குக்கு ஒரு சமூகம் தானாகத் தேய்ந்துவிடாது. உட்கார்ந்து அவர்களைச் சிறுபான்மையாகச் செய்திருக்கிறார்கள். கொழும்பு நாடாளுமன்றத்தில் செய்தார்கள், டெல்லியில் கையெழுத்துப் போட்டுச் செய்தார்கள், இரண்டு கரைகளிலும் இருந்த மற்றத் தமிழர்களின் மௌனமும் அதில் சேர்ந்துகொண்டது.

நடந்து வந்தவர்கள்

1820-களில் கண்டி மலைகளில் ஆங்கிலேயர் காப்பிப் பயிரிடத் தொடங்கியபோது ஆள் தேவைப்பட்டது. திருநெல்வேலி, மதுரை, ராமநாதபுரம், புதுக்கோட்டை, திருச்சி, தஞ்சாவூர், சேலம் எனப் பஞ்சமும் சாதியும் ஒருசேர நசுக்கிய ஊர்களிலிருந்து ஆட்கள் போனார்கள். பெரும்பாலானவர்கள் நிலமற்ற தலித் குடும்பங்களைச் சேர்ந்தவர்கள். மன்னார்க் கரையில் இறங்கி, காட்டு வழியாக மாத்தளை வரை நடை. காலராவிலும் காய்ச்சலிலும் வழியில் விழுந்தவர்களுக்கு முறையான பதிவேடு இல்லை. எத்தனை பேர் அந்தப் பாதையோரம் புதைந்தார்கள் என்பதை யாராலும் இனிச் சொல்ல முடியாது.

1869-ல் காப்பியை இலைநோய் தாக்கியது. அதற்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன்பே லூல்கந்துர தோட்டத்தில் ஜேம்ஸ் டெய்லர் தேயிலை நட்டிருந்தார். காப்பி பருவகாலப் பயிர். பழம் பறித்து முடிந்ததும் பலர் ஊர் திரும்பினார்கள். தேயிலைக்கு ஆண்டு முழுவதும் கொழுந்தெடுக்கக் கை வேண்டும், அதிலும் பெண்களின் கை வேண்டும். அப்படித்தான் குடும்பங்கள் மலையிலேயே தங்கின. 10 அடிக்கு 12 அடி அறைகள் வரிசையாக எழுந்தன. ஓர் அறை, முன்னால் இஸ்தோப்பு எனும் ஒரு தாழ்வாரம், அவ்வளவுதான் வீடு. ஒரே கூரைக்குக் கீழே பன்னிரண்டும் இருபத்துநான்குமாக முதுகோடு முதுகு ஒட்டிய காம்பிராக்கள். அன்று கட்டிய அந்த லயங்களில் இன்றும் பல்லாயிரம் குடும்பங்கள் இருக்கின்றன.

பிஜிக்கும் மொரிசியஸுக்கும் ஒப்பந்தக் கூலிகளாகப் போனவர்களுக்கு எத்தனை ஆண்டு என்று ஒரு தாளாவது இருந்தது. இலங்கைக்குக் கங்காணி அழைத்துப் போனார். ஊரிலேயே முன்பணம் கொடுத்துக் கடனோடு கூட்டிப் போவார். தோட்டம் மாற வேண்டுமானால் இவ்வளவு கடன் பாக்கி என்று எழுதிய ‘துண்டு’ வேண்டும். அந்தக் கடனைப் புதிய துரை அடைத்தால்தான் ஆள் நகர முடியும். கடனோடு சேர்ந்து மனிதரும் கைமாறிய அந்த முறை 1921-ல்தான் சட்டப்படி ஒழிந்தது. புதுமைப்பித்தன் ‘துன்பக்கேணி’யில் எழுதியது இந்த உலகத்தைத்தான். தமிழ்நாட்டில் அந்தக் கதையைப் படித்தவர்கள் பலர் உண்டு. அந்த மக்களின் பேரப்பிள்ளைகள் இன்று எங்கே எப்படி இருக்கிறார்கள் என்று கேட்டவர்கள் குறைவு.

காணி இழந்த இருவர்

இங்கே ஒரு விஷயத்தைச் சொல்லாமல் போவது நியாயமாகாது. அந்த மலைகள் வெறுமனே கிடந்தவை அல்ல. 1840-ம் ஆண்டின் முடிக்குரிய காணிச் சட்டம், உரிமைப் பத்திரம் காட்ட முடியாத காட்டையும் மேய்ச்சலையும் சேனை நிலத்தையும் அரசுடைமை என்றது. கண்டிச் சிங்களக் குடியானவருக்கு வழக்கப்படி உரிமை இருந்தது, பத்திரம் இருக்கவில்லை. நிலம் தோட்டக்காரர்களுக்குப் போயிற்று. மலைச்சரிவில் தேயிலை, அடிவாரத்தில் நெருக்கியடித்துக்கொண்டு கிராமம். கிராமத்தவர் அண்ணாந்து பார்த்தபோது கண்ணில் பட்டவர் லண்டனில் இருந்த பங்குதாரர் அல்ல, மேலே கொழுந்தெடுத்துக்கொண்டிருந்த தமிழர். தன் காணியை எடுத்துக்கொண்டவர் இவர்தான் என்று அவர் நம்பினார். அப்படி நம்ப வைப்பதில் அரசியல்வாதிகளுக்கு ஆதாயமும் இருந்தது. அந்தத் தமிழருக்கோ தான் படுத்திருந்த காம்பிராவின் சுவர்கூடச் சொந்தமில்லை.

காணி இழந்தவருக்கும் காணியே கிடைக்காதவருக்கும் நடுவே நூறு ஆண்டுப் பகை இப்படித்தான் ஊன்றப்பட்டது. பெரும்பான்மையின் வன்மம் என்று மட்டும் சொல்லி இதைக் கடந்தால் பாதி உண்மையை விட்டுவிடுகிறோம்.

வாக்கு வந்தது, போனது

தஞ்சாவூர்க்காரரான கோ. நடேசய்யர், தோட்டத்துக்குள் வெளியார் நுழைய முடியாத காலத்தில் துணி வியாபாரி வேடத்தில் லயங்களுக்குப் போய் நிலைமையைப் பார்த்து எழுதியவர். 1931-ல் அட்டனில் தோட்டத் தொழிலாளருக்கான சங்கத்தை நிறுவினார். அவர் மனைவி மீனாட்சியம்மாள் தோட்டம் தோட்டமாகப் போய்ப் பாட்டுப் பாடியே ஆட்களைக் கூட்டினார். எழுத்தறியாத பெண்களிடம் அரசியலைக் கொண்டுசென்ற அந்த அம்மாளுக்கு நம் பெண்ணிய வரலாறுகளில் இன்னும் உரிய இடம் கிடைக்கவில்லை.

அதே 1931-ல் டொனமூர் அரசியல் திட்டம் இலங்கைக்கு அனைவருக்குமான வாக்குரிமையைக் கொண்டுவந்தது. தோட்டத் தொழிலாளருக்கு மட்டும் வசிப்பிட நிபந்தனைகள் பூட்டப்பட்டன. 1937-ல் கிராமசபைத் தேர்தல் சட்டத்தைத் திருத்தியபோது இந்தியத் தோட்டத் தொழிலாளரை வெளியே நிறுத்தினார்கள். நாட்டுத் தேர்தலில் வாக்கு உண்டு, ஊர்த் தேர்தலில் இல்லை. இந்தத் திருத்தத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். எண்பது ஆண்டுகள் வரை அதன் நிழல் நீள்கிறது.

1939-ல் நேரு வந்துபோனதை ஒட்டி இலங்கை இந்தியன் காங்கிரஸ் பிறந்தது. 1940 ஜனவரியில் முல்லோயா தோட்டத்து வேலைநிறுத்தத்தில் கோவிந்தன் என்ற தொழிலாளி பொலிஸ் துப்பாக்கிக்குப் பலியானார். 1947 பொதுத் தேர்தலில் இந்தக் காங்கிரஸ் ஏழு இடங்களை வென்றது. சௌமியமூர்த்தி தொண்டமான் நுவரெலியாவில், கவிஞர் சி.வி. வேலுப்பிள்ளை தலவாக்கலையில். வேறு பல தொகுதிகளில் தோட்டத்து வாக்கு இடதுசாரிகளை வெல்ல வைத்தது. பிரதமர் டி.எஸ். சேனநாயக்காவின் அரசுக்கு இது கசந்தது. இனமும் வர்க்கமும் ஒரே இடத்தில் சந்தித்த வாக்கு வங்கி அது. அதை அப்படியே விட்டுவைக்க அந்த அரசு விரும்பவில்லை.

சுதந்திரம் வந்து ஓர் ஆண்டு முடியவில்லை. 1948-ம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம், தீவில் பிறந்தவராக இருந்தாலும் தந்தை இலங்கையில் பிறந்தவர் என்று காட்டு, இல்லையேல் தந்தைவழிப் பாட்டனும் பூட்டனும் இங்கே பிறந்தார்கள் என்று காட்டு என்றது. இந்தச் சான்று அன்றைக்குச் சிங்களக் கிராமத்தவரில் பலரிடமும் இருந்திருக்காது. அவர்களிடம் யாரும் கேட்கவில்லை. அடுத்த ஆண்டு இந்திய, பாகிஸ்தானியக் குடியிருப்போர் சட்டம் விண்ணப்பிக்க ஒரு வழி திறந்தது. மணமானவருக்கு ஏழு ஆண்டும் மணமாகாதவருக்குப் பத்து ஆண்டும் இடைவிடாது வசித்ததை நிறுவ வேண்டும். எட்டு லட்சத்துக்கும் மேற்பட்டோருக்காக மனுக்கள் குவிந்தன. குடியுரிமை பெற்றவர்கள் சுமார் 1,34,000 பேர். அதே 1949-ல் தேர்தல் சட்டமும் திருத்தப்பட்டு, குடிமக்கள் அல்லாதோரின் வாக்கு பறிபோனது. 1952 தேர்தலில் மலையகத்திலிருந்து ஒருவரும் தேர்வாகவில்லை.

இதில் என்னை மிகவும் உறுத்துவது தொகுதி வரைவு. தொகுதிகளைப் பிரித்தபோது மக்கள்தொகையில் குடியுரிமை இல்லாதவர்களையும் சேர்த்தே எண்ணினார்கள். அவர்கள் தலைகளின் கணக்கில் மலைநாட்டுக்கு இடங்கள் கிடைத்தன. அந்த இடங்களுக்கு வாக்களித்தவர்கள் மற்றவர்கள். இல்லாதவர் என்று சட்டம் சொன்ன மனிதர்களின் எண்ணிக்கையை வைத்தே வேறொருவரின் அரசியல் பலம் கூடியது.

வடக்குத் தமிழ்த் தலைமை அன்று இரண்டாகப் பிளந்தது. ஜி.ஜி. பொன்னம்பலம் அமைச்சராகிச் சேனநாயக்காவுடன் இருந்தார். இன்று அவர்களுக்கு நடப்பது நாளை நமக்கு நடக்கும் என்று எச்சரித்து, அவரிடமிருந்து பிரிந்து வெளியேறிய எஸ்.ஜே.வி. செல்வநாயகம் 1949 டிசம்பரில் தமிழரசுக் கட்சியைத் தொடங்கினார். 1956-ல் சிங்களம் மட்டும் சட்டம் வந்தபோது அவர் பயந்தது நடந்துவிட்டது.

தலைக்கணக்கு

1964 அக்டோபர் 30 அன்று இந்தியப் பிரதமர் லால் பகதூர் சாஸ்திரியும் இலங்கைப் பிரதமர் சிறிமாவோ பண்டாரநாயக்காவும் ஒப்பந்தம் செய்தார்கள். நாடற்றவர்கள் 9,75,000 பேர். இந்தியா 5,25,000 பேரை எடுத்துக்கொள்ளும், இலங்கை 3,00,000 பேரை வைத்துக்கொள்ளும், மீதி 1,50,000 பேரைப் பற்றிப் பிறகு பேசலாம். அந்த மீதியை 1974-ல் இந்திரா காந்தியும் சிறிமாவோவும் ஆளுக்கு 75,000 என்று பிரித்துக்கொண்டார்கள். அந்தப் பத்து லட்சம் பேரிடம் உங்களுக்கு எங்கே இருக்க விருப்பம் என்று முதலில் கேட்கவில்லை. எண்ணிக்கையை முடிவு செய்த பிறகுதான் மனுப் படிவம் கொடுத்தார்கள்.

ஒரே குடும்பத்தில் அண்ணன் இந்தியப் பிரஜை, தம்பி இலங்கைப் பிரஜை என்றானது. பெற்றோர் போக, மணமான மகள் தங்கினாள். மலைநாட்டு ரயில் நிலையங்களிலிருந்து தலைமன்னார் புறப்பட்ட ரயிலை மக்கள் ‘அழுகைக் கோச்சி’ என்றார்கள். தலைமன்னாரிலிருந்து ராமானுஜம் கப்பல், பிறகு மண்டபம் முகாம். 1984-ல் கப்பல் நிற்கும் வரை இப்படி நான்கு லட்சத்துக்கும் மேற்பட்டோர் வந்து இறங்கினார்கள்.

வந்த இடம் தாய்நாடு என்று காகிதம் சொன்னது. பலருக்கு அவர்கள் அதற்கு முன் பார்த்தேயிராத நாடு. சிலருக்குச் சிறுதொழில் கடன் கொடுத்து முன்பின் தெரியாத ஊரில் கடை வைக்கச் சொன்னார்கள். வியாபாரம் தெரியாத குடும்பங்கள் சில மாதங்களில் கடனோடு நின்றன. நூற்பாலைகளுக்குச் சிலர். தேயிலை தெரிந்தவர்கள் என்பதால் நீலகிரியில் கோத்தகிரி, குன்னூர், கூடலூர் பக்கம் பெருங்கூட்டம். அவர்களுக்காகவே வளர்ந்தது டான்டீ எனும் அரசுத் தேயிலைத் தோட்டக் கழகம். அங்கே இலங்கையில் ‘இந்தியாக்காரர்’ என்றிருந்தவர்கள் இங்கே ‘சிலோன்காரர்’ ஆனார்கள். டான்டீ குடியிருப்பில் நாற்பது ஆண்டு உழைத்து ஓய்வு பெறுபவர், தோட்டத்து வேலை முடிந்தால் தோட்டத்து வீட்டையும் காலி செய்ய வேண்டும் என்ற அச்சத்தில் இன்றும் இருக்கிறார். மத்திய மலைநாட்டில் அவர் தந்தைக்கு இருந்த அதே நிலைமை, தமிழர் பெரும்பான்மையாக, தமிழர் ஆளும் மாநிலத்தில் அவருக்கு. இதை நாம் வெட்கத்தோடுதான் எழுத வேண்டும்.

பெரும்பான்மை என்றால் சிங்களவர் மட்டும் என்று எண்ணிக்கொள்பவர்களுக்காக வடக்கைப் பற்றியும் சொல்ல வேண்டும். 1977 வன்முறையில் அடிபட்ட தோட்டத்துக் குடும்பங்கள், தமிழர் மண்ணில் பாதுகாப்பு இருக்கும் என்று வவுனியாவுக்கும் கிளிநொச்சிக்கும் நடந்தன. காடு வெட்டிக் கழனியாக்கினார்கள், அடுத்தவர் வயலில் கூலிக்கு நின்றார்கள், போர் மூண்டபோது எல்லைக் கிராமங்களில் முதலில் அகப்பட்டவர்களும் இவர்களே. போராளிகளாகவும் மடிந்தார்கள். இருந்தும் ‘தோட்டக்காட்டான்’ என்ற வசை வடக்கில் அவர்களைத் தொடர்ந்தது. ‘கள்ளத்தோணி’ என்று சிங்களத் தெருவில் கேட்டவர்கள் அதைத் தமிழ்த் தெருவிலும் கேட்டார்கள். பள்ளியில், கோயிலில், பெண் கொடுத்துப் பெண் எடுப்பதில், காணி அனுமதிப் பத்திரம் பெறுவதில் சாதியும் இடப்பெயரும் சேர்ந்து அவர்களை ஒரு படி கீழேயே நிறுத்தின. ஒடுக்கப்பட்ட சிறுபான்மைக்குள் ஒரு பெரும்பான்மை உருவாகிறது. தன் வலியைச் சொல்லி உலகத்திடம் நியாயம் கேட்கும் அதே வாய், வீட்டுக்குள் இன்னொருவரை ஏசுகிறது. யாழ்ப்பாணத்து எழுத்தாளர்கள் சிலரும் இதை நேர்மையாக எழுதத் தொடங்கியிருக்கிறார்கள் என்பது நல்ல செய்தி.

நாட்டுக்குள் ஒரு நாடு

1972-லும் 1975-லும் வந்த நிலச் சீர்திருத்தம் தோட்டங்களை அரசுடைமையாக்கியது. நிலம் பிரித்துக் கொடுக்கப்பட்டபோது தொழிலாளருக்குப் பெரும்பாலும் எதுவும் கிடைக்கவில்லை. அவர்களில் பலர் பிரஜைகளே இல்லையே. 1973, 74-ல் அரிசிக்கும் மாவுக்கும் தட்டுப்பாடு வந்து தோட்டங்களில் பட்டினிச் சாவுகள் நிகழ்ந்தன. நகரங்களில் பிச்சையெடுத்துத் திரிந்த தோட்டத்துக் குடும்பங்களை அந்தத் தலைமுறை இன்னும் மறக்கவில்லை. 1977 மே மாதம் டெவன் தோட்டத்தில், தோட்டக் காணியை வெளியாருக்குப் பிரிப்பதை எதிர்த்துத் திரண்டவர்கள் மேல் பொலிஸ் சுட்டது. இறந்த சிவனு லெட்சுமணன் பெயரை மலையக இளைஞர்கள் இன்றும் சொல்கிறார்கள். மலையகத்தில் கூலிக்காக உயிர்விட்டவர்கள் பலர். அவர் உயிர்விட்டது நிலத்துக்காக.

1992-ல் நிர்வாகம் மறுபடி தனியாரிடம் போனது. நிலத்தின் உரிமை அரசிடமே இருக்க, கம்பனிகளுக்கு 53 ஆண்டுக் குத்தகை.

குடியுரிமை ஒருவாறு திரும்பி வந்தது. 1986-லும் 1988-லும் சட்டங்கள். கடைசியாக 2003-ல் நாடாளுமன்றம் ஒருமனதாக ஒரு சட்டத்தை நிறைவேற்ற, பத்து நாள் இயக்கத்தில் சுமார் 1,90,000 பேர் குடியுரிமைப் பத்திரம் பெற்றார்கள். உலகில் நாடற்றோர் பிரச்சினை இவ்வளவு வேகமாகத் தீர்க்கப்பட்டது அரிது. அதைச் செய்த எல்லாக் கட்சிகளுக்கும் அந்தப் பெருமை உரியது.

ஆனால் குடியுரிமைப் பத்திரம் கையில் வந்தபின்னும் தோட்டத்து எல்லை அப்படியே இருந்தது. 1987-ம் ஆண்டின் பிரதேச சபைச் சட்டத்தில் 33-ம் பிரிவு என்று ஒன்று உண்டு. அதன்படி தோட்டத்துக்குள் பாதை போடவோ, விளக்கு வைக்கவோ, கிணறு வெட்டவோ சபை தன் நிதியைச் செலவிட முடியாமல் இருந்தது. அது தனியார் நிலம் என்பது காரணம். வாக்கு வந்துவிட்டது. தோட்டத்து மக்கள் வாக்களித்துத் தங்களில் ஒருவரையே சபைத் தலைவராக்க முடிந்தது. அவர் தன் லயத்துக்குப் போகும் பாதையில் ஒரு வண்டி மண் கொட்ட முடியவில்லை. 1937-ல் கிராமசபைக்கு வெளியே நிறுத்திய அதே ஏற்பாடு வேறு சொற்களில் உயிரோடு இருந்தது. 2018-ல்தான் அந்தப் பிரிவு திருத்தப்பட்டது.

நிர்வாக அலுவலகங்களைப் பாருங்கள். 2012-ல் நுவரெலியா மாவட்டத்தில் 7,11,000-க்கும் மேற்பட்டோர் இருந்தார்கள். அன்று பிரதேச செயலகங்கள் ஐந்து. ஆறு லட்சம் பேர் இருந்த அம்பாந்தோட்டைக்குப் பன்னிரண்டு. பிறப்புச் சான்றிதழ் வாங்க, அடையாள அட்டைக்கு மனுக் கொடுக்க, ஒரு நாள் கூலியை இழந்து மலையிறங்கி வரிசையில் நிற்க வேண்டும். அதிகாரி பேசும் மொழி சிங்களம், கையில் தரும் படிவமும் பல இடங்களில் சிங்களம். பெயரில் ஓர் எழுத்துப் பிழையானால் அதைத் திருத்த இன்னும் சில நாள் கூலி போகும். பெரும்பான்மைச் சமூகத்தில் பிறந்தவர் இந்தச் செலவை ஒருபோதும் கணக்கிட வேண்டியதில்லை. அவருக்கு அரசு பக்கத்திலேயே, தன் மொழியில் இருக்கிறது.

கூலி விஷயம் எல்லோரும் அறிந்தது, சுருக்கமாகச் சொல்கிறேன். நாளுக்கு ஆயிரம் ரூபாய் வேண்டும் என்று கேட்டுக் கேட்டு, அது 2021-ல் சம்பளச் சபை மூலம் வந்து சேர்ந்தபோது விலைவாசி ஓடிப்போயிருந்தது. 2024-ல் அடிப்படை நாட்கூலி 1,350 ரூபாய் என்று வர்த்தமானி வந்தது. நிர்ணயித்த கிலோ வராவிட்டால் அன்றைக்கு ‘அரைப்பேர்’தான் விழும். மழையில் அட்டை கடிக்க, சரிவில் கூடை சுமந்து நிற்கும் பெண்ணின் ஒரு நாளைத் தராசு முள் பாதியாக்கிவிடும். ஆணுக்கும் பெண்ணுக்கும் சமக் கூலி என்பதே 1984-ல்தான் வந்தது. சங்கங்களின் தலைமையில் இன்றும் பெண்கள் எத்தனை பேர் என்று பாருங்கள். உழைப்பு பெண்ணுடையது, பேச்சு ஆணுடையது என்ற ஏற்பாட்டைத் துரைமார் மட்டும் கட்டிக்காக்கவில்லை.

இந்த மக்கள் கையேந்தி நிற்பவர்கள் மட்டுமல்லர். ‘கூலி’, ‘இந்தியத் தமிழர்’ என்ற பெயர்களை உதறி ‘மலையகத் தமிழர்’ என்று தங்களைத் தாங்களே அழைத்துக்கொண்டவர்கள் 1960-களின் படித்த இளைஞர்கள். அட்டன் ஹைலண்ட்ஸ் கல்லூரியின் இர. சிவலிங்கம் போன்ற ஆசிரியர்கள் அந்தத் தலைமுறையை உருவாக்கினார்கள். லயத்துக் காம்பிராவில் குப்பி விளக்கில் படித்தவர்களின் பிள்ளைகள் இன்று வழக்கறிஞர்கள், மருத்துவர்கள், பேராசிரியர்கள். 2023-ல் இருநூறு ஆண்டு நினைவாக, முன்னோர் நடந்த பாதையில் தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை நடந்தார்கள். ஜூலை 28 தொடங்கி ஆகஸ்ட் 12 வரை நடந்த அந்தப் பயணத்தில் சிங்களவரும் முஸ்லிம்களும் வடக்குத் தமிழரும் கூட நடந்தார்கள், வழியில் தண்ணீர் கொடுத்தார்கள். 2024 நவம்பர் தேர்தலில் நுவரெலியாவில் கிருஷ்ணன் கலைச்செல்வியும் பதுளையில் அம்பிகா சாமுவேலும் வென்றார்கள். மலையகத் தமிழ்ப் பெண்கள் நாடாளுமன்றத்துக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டது அதுவே முதல் முறை. தேசியக் கட்சி ஒன்றின் வேட்பாளர்களாக, சிங்கள வாக்குகளையும் பெற்று வென்றார்கள் என்பதையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.

ஏழு பேர்ச்

2014 அக்டோபர் 29 காலை கொஸ்லந்தைக்கு அருகே மீரியபெத்தைத் தோட்டத்தில் மலை சரிந்து லயங்களை மூடியது. அந்த இடம் ஆபத்தானது, மக்களை மாற்றுங்கள் என்று ஆண்டுகளுக்கு முன்பே எச்சரிக்கை கொடுக்கப்பட்டிருந்தது. எங்கே மாறுவார்கள்? கிராமத்தில் இருப்பவர் ஆபத்து என்றால் தன் காணியின் இன்னொரு மூலையில் குடிசை போடலாம், விற்றுவிட்டு வேறிடம் போகலாம். லயத்தில் இருப்பவருக்கு விற்கவும் ஒன்றுமில்லை, போகவும் இடமில்லை. தோட்டத்தை விட்டால் வேலை போகும், வேலை போனால் கூரை போகும். 2025 நவம்பர் இறுதியில் தித்வா புயல் மலைநாட்டைப் புரட்டிப்போட்டபோதும் இதே கேள்வி மறுபடி எழுந்தது. நிவாரணம், இழப்பீடு எல்லாம் ‘உன் காணி எது, உன் வீடு எது’ என்ற கேள்வியில்தான் தொடங்குகின்றன.

இந்திய உதவியோடு 4,000 வீடுகள், பிறகு 2017-ல் நரேந்திர மோடி நோர்வூட்டில் அறிவித்த மேலும் 10,000 வீடுகள் என்று திட்டங்கள் நடக்கின்றன. பெரும்பாலும் வீட்டுக்கு ஏழு பேர்ச் (இலங்கையில் வழங்கும் நில அளவு) நிலம். லயத்திலிருந்து தனி வீட்டுக்கு வந்த குடும்பத்துக்கு அது பெரிய மாற்றம். கதவைச் சாத்திக்கொண்டு பேச முடிகிறது, பிள்ளைக்குப் படிக்க ஒரு மூலை கிடைக்கிறது. ஆனாலும் இந்த வேகத்தில் மீதமுள்ள லயங்கள் காலியாக இன்னொரு தலைமுறை ஆகும். வீடு வந்த பல இடங்களில் சட்டப்படி செல்லுபடியாகும் உறுதிப் பத்திரம் கைக்கு வர ஆண்டுக்கணக்கில் இழுக்கிறது. பத்திரம் வரும்போது அதில் பெண்ணின் பெயரும் இருக்க வேண்டும் என்று மலையகப் பெண்கள் அமைப்புகள் கேட்கின்றன. அது சலுகை கேட்பது ஆகாது. தோட்டத்துக்குப் பேர் கொடுத்து உழைத்தவள் அவள்தான்.

ஏழு பேர்ச் போதுமா என்பதும் நியாயமான கேள்வி. ஒரு மாடு கட்ட, கொஞ்சம் மரக்கறி போட, சொந்தமாக நூறு செடித் தேயிலை வைக்க இடம் வேண்டாமா? தென்னிலங்கையில் சிறுதோட்டக்காரர்கள் தங்கள் சொந்தக் காணியில் தேயிலை வளர்த்துத் தொழிற்சாலைக்குக் கொழுந்து விற்கிறார்கள். இன்று இலங்கைத் தேயிலையில் பெரும்பங்கு அவர்களுடையது. அது சாத்தியம் என்று அந்த நாடே நிரூபித்திருக்கும்போது, தேயிலையைத் தலைமுறை தலைமுறையாக அறிந்த மலையகக் குடும்பம் மட்டும் ஏன் நாட்கூலியாகவே இருக்க வேண்டும்? தரிசாகிக் கிடக்கும் தோட்டக் காணிகள் எத்தனையோ உண்டு. கம்பனிகள் தொடாத அந்த நிலத்தைத் தொழிலாளர் குடும்பங்களுக்குப் பிரித்துக் கொடுப்பதில் யார் வயிற்றில் அடிபடும்? அடிவாரத்துச் சிங்களக் கிராமத்தில் காணியில்லாமல் இருப்பவருக்கும் அதில் பங்கு கொடுங்கள். 1840-ல் ஆங்கிலேயர் மூட்டிய பகைக்கு அதைவிட நல்ல மருந்து எனக்குத் தெரியவில்லை.

1992-ல் தொடங்கிய குத்தகை 2045-ல் முடிகிறது. அதற்கு முன்பே அதை நீட்டிப்பதற்கான பேச்சுகள் தொடங்கிவிடும். அரசு ஒரு பக்கம், கம்பனி மறுபக்கம் என்று இருவர் மட்டும் உட்கார்ந்து பேசக் கூடாது. லயங்கள் நிற்கும் நிலத்தையும் குடியிருப்புக்கான நிலத்தையும் அளந்து, குத்தகையிலிருந்து விலக்கி, அங்கே வாழ்பவர்கள் பேரில் பதிந்த பிறகே அடுத்த குத்தகைப் பத்திரத்தில் கையெழுத்து விழ வேண்டும். அந்தப் பேச்சில் மலையக மக்களின் பிரதிநிதிகள் ஒரு தரப்பாக அமர வேண்டும். சங்கத் தலைவர்களோடு கொழுந்தெடுக்கும் பெண்களும் அங்கே இருக்க வேண்டும். நில அளவையை இப்போதே தொடங்கினால்தான் அதற்குள் முடியும்.